போலோ மைதானத்திலிருந்து விளையாட்டுத் தொழிலுக்கு: ஹாரி பெய்ன் விட்னியும் அமெரிக்கக் குதிரை விளையாட்டும்

1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு தொடக்கங்களைக் கண்டது. பேஸ்பால் ஆட்டத்துக்கு நேஷனல் லீக் அமைந்தது. அதே ஆண்டில் ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழின் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட், இங்கிலாந்தில் பரவியிருந்த போலோவை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். முன்னது கட்டணம் செலுத்தி வரும் கூட்டத்தை நம்பி வளர்ந்தது; பின்னது செல்வர்களின் பொழுதுபோக்காக நிலைத்தது. இதனால் விளையாட்டுத் தொழிலின் வரலாற்றில் போலோவுக்கு இடமே இல்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் பாதி மட்டுமே சரி. போலோ ஆட்டக்காரராகவும் பந்தயக் குதிரை உரிமையாளராகவும் விளங்கிய ஹாரி பெய்ன் விட்னி (1872–1930), அவருடைய தந்தை, அடுத்த தலைமுறை உறவினர் ஆகியோரின் பாதையைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு விளையாட்டை நெடுங்கால அமைப்பாக நடத்தும் திறனை இக்குடும்பம் குதிரைகளோடுதான் பழகிப் பெற்றது என்பது விளங்கும். ஆயினும் அந்தத் திறன் தொழிலாக மாறியது, பொதுமக்களின் பணம் உள்ளே வந்த இடங்களில் மட்டுமே.

போலோவின் நவீன வடிவத்துக்கு வேர் மணிப்பூரில் இருக்கிறது. அங்கு ஆடப்பட்ட ஆட்டத்தைக் கற்ற ஆங்கிலேயர்கள் 1859இல் சில்சாரில் ஒரு கிளப் தொடங்கினர். அங்கிருந்து அது கல்கத்தாவுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் சென்றது. அமெரிக்கர்கள் இதில் சேர்த்த முக்கியமான அம்சம் அளவீடு. 1890இல் உருவான அவர்களது போலோ சங்கம், ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறனையும் ‘கோல்’ கணக்கில் மதிப்பிடும் ஹேண்டிகேப் முறையை நிலைநிறுத்தியது. உச்ச மதிப்பு 10. இதனால் வலுவற்ற அணியும் வலுவான அணியும் ஒரே மைதானத்தில் நியாயமாக மோத முடிந்தது. விட்னி இந்த ஒழுங்கில் வளர்ந்தவர். 1886 முதல் இங்கிலாந்தே வென்றுவந்த வெஸ்ட்செஸ்டர் கோப்பையை 1909இல் அவரது தலைமையிலான அணி லண்டன் ஹர்லிங்ஹாமில் வென்றது. டெவரோ மில்பர்ன், வாட்டர்பரி சகோதரர்கள் இருவர், விட்னி ஆகிய நால்வரும் ‘பிக் ஃபோர்’ எனப் பெயர் பெற்று, 1911இலும் 1913இலும் அக்கோப்பையைத் தக்கவைத்தனர். தனிமனிதத் திறமை மட்டும் இவ்வெற்றியைத் தரவில்லை. சிறந்த போலோ குதிரைகளைத் தேடி வாங்கிச் சேர்த்தது, ஒரே நால்வரைத் தொடர்ந்து ஆடவிட்டது, பந்தை வேகமாக முன்னால் அனுப்பும் முறையில் பழகியது ஆகிய மூன்றும் ஒரு நிர்வாகியின் முடிவுகள்.

இதே மனப்பாங்கைப் பந்தயத் துறையிலும் காணலாம். அவருடைய தந்தை வில்லியம் சி. விட்னி, நியூயார்க் டிராம் நிறுவனங்களில் செல்வம் சேர்த்தவர். களையிழந்திருந்த சரடோகா பந்தயத் திடலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் வாங்கி உயிர்ப்பித்தார். 1904இல் தந்தை இறந்தபோது, விற்பனைக்கு வந்த குதிரைகள் பலவற்றை மகன் வாங்கினார். அடுத்த ஆண்டே, புதிதாகத் திறக்கப்பட்ட பெல்மாண்ட் பார்க்கில் நடந்த முதல் பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தை அவருடைய டான்யா என்ற பெண்குதிரை வென்றது. ஆனால் 1908இல் நியூயார்க் மாநிலம் பந்தயத்தில் பணம் கட்டுவதற்கு எதிராக ஹார்ட்-அக்னியூ சட்டத்தை இயற்றியது. பின்வந்த திருத்தம் திடல் நிர்வாகிகளையே குற்றத்துக்குப் பொறுப்பாக்கியதால், 1911, 1912 ஆகிய இரு ஆண்டுகளிலும் அம்மாநிலத்தில் பந்தயமே நடக்கவில்லை. விட்னி தம் குதிரைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். செல்வம், குதிரை, திடல் மூன்றும் அப்படியே இருந்தன. பணம் கட்டும் பொதுமக்களை விலக்கிய உடனே துறை முடங்கியது. பந்தயத்தின் பொருளாதார அடித்தளம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே 1908இல் கென்டக்கி வேறு வழியில் சென்றது. லூயிவில் நகரில் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்குத் தடை வந்தபோது, சர்ச்சில் டவுன்ஸ் திடலை நடத்திய மேட் வின், பணத்தை ஒரே தொகுப்பில் சேர்த்து வென்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டோட் முறையைக் கொண்டுவந்து, அத்திடலில் நடந்த கென்டக்கி டெர்பி போட்டியைக் காப்பாற்றினார். அந்தப் போட்டிக்கு நாடளாவிய கவனம் தேவைப்பட்டது. 1915இல் விட்னி அனுப்பிய ரெக்ரெட் அதை அளித்தது. முந்தைய ஆண்டு சரடோகாவில் மூன்று பெரிய போட்டிகளை வென்றிருந்த இப்பெண்குதிரை, கென்டக்கி டெர்பியை வென்ற முதல் பெண்குதிரையானது. கிழக்குக் கடற்கரையின் பெரிய உரிமையாளர் ஒருவரின் வெற்றி டெர்பியை நாடு முழுவதும் பேசவைத்தது. அதைத் தேசிய நிகழ்வாக்கியது ரெக்ரெட்தான் என்று வின் கருதினார். இங்கே உரிமையாளரின் பெருமிதமும் திடல் நடத்துநரின் வருமானமும் ஒன்றையொன்று வளர்த்தன.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். விட்னிகளின் செல்வம் டிராம் தடங்களிலும், தாய்வழி உறவில் எண்ணெய்த் தொழிலிலும் பிறந்தது. குதிரைகள் அதைச் செலவழிக்கும் வழி மட்டுமே என்பது அந்த மறுப்பு. பணத்தின் பிறப்பிடம் பற்றிய செய்தி உண்மை. ஆனால் அது இக்குடும்பம் குதிரை உலகில் நுழைந்ததை மட்டுமே விளக்குகிறது. நுழைந்தபின் செய்ததை விளக்குவதில்லை. குதிரைக் கொட்டடி ஒன்றால் இலாபம் வந்ததா என்று கேட்பதைவிட, பல தலைமுறைக்கு நிற்கும் இனவழிகளும் திடல்களும் போட்டிகளும் உருவாயினவா என்று கேட்பதே வரலாற்றுக்குப் பொருத்தம்.

போலோ ஏன் தொழிலாகவில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அளவீடும் புகழும் அதற்கு இருந்தன. லாங் ஐலண்டின் மெடோபுரூக்கில் பன்னாட்டு ஆட்டங்களைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். ஆனால் போலோ அவர்களை விருந்தினராகவே நடத்தியது. செலவு ஆட்டக்காரரின் பையிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போர் அந்த வாழ்க்கைமுறையைக் குலைத்தபோது தாங்கிப் பிடிக்க வேறு வருவாய் இல்லை. அதனால் போலோவில் பயின்ற குடும்பம் வேறிடத்தில் முதலிட்டது. ஹாரியின் தம்பி மகன் ஜான் ஹே விட்னி 1935, 1936ஆம் ஆண்டுகளில் கிரீன்ட்ரீ அணியுடன் அமெரிக்க ஓப்பன் போலோவை வென்றவர். அவரும் சகோதரி ஜோன் விட்னி பேசனும் தாயிடமிருந்து பெற்ற கிரீன்ட்ரீ கொட்டடியில் கேப்பாட், டாம் ஃபூல் போன்ற குதிரைகள் ஓடின. அந்த ஜோன்தான் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் முதல் உரிமையாளர். அணி 1962இல் நேஷனல் லீக்கில் ஆடத் தொடங்கி, 1969இல் உலகத் தொடரை வென்றது. 1876இல் பிரிந்து புறப்பட்ட இரு வழிகள் இங்கே ஒரே குடும்பத்தில் சந்தித்தன.

இந்த வரலாற்றை உரிமையாளர்களின் புகழாக மட்டும் எழுதுவது அநீதி. ஆட்டத்தை அளித்த மணிப்பூர் வீரர்களின் பெயர்கள் கோப்பைகளில் இல்லை. மூன்று முறை டெர்பியை வென்ற ஐசக் மர்ஃபி போன்ற கறுப்பின ஜாக்கிகள் உருவாக்கிய துறையிலிருந்து, அவர்கள் வழிவந்தோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரத்தப்பட்டனர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் டெர்பியை வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்டு ரஷ்யாவுக்குப் போக நேர்ந்தது. ஆகவே தீர்ப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது: குதிரை விளையாட்டை நிறுவனமாக்கிய அறிவில் விட்னிகளுக்கு உரிய பங்கு உண்டு, அதைத் தாங்கிய பணம் பொதுமக்களுடையது, அதை ஓட்டிய திறன் பெயர் மறுக்கப்பட்டவர்களுடையது. இம்மூன்றையும் சேர்த்து எழுதும் வரலாறே முழுமையான விளையாட்டு வரலாறு.