சங்கிலி ரம்பம்

சங்கிலி ரம்பம் என்பது தட்டையான நீண்ட சட்டத்தைச் சுற்றி ஓடும் பல்வைத்த சங்கிலியால் மரத்தை அறுக்கும் கைக்கருவி. தமிழ்நாட்டில் செயின்சா, பவர் சா, மரம் அறுக்கும் மெஷின் என்ற பெயர்களில் வழங்குகிறது. பெட்ரோல், மின்சாரம், பேட்டரி ஆகியவற்றுள் ஒன்றால் இயங்கும். முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுவதால், ஏதேனும் தவறினால் சுதாரிக்க நேரம் கிடைப்பதில்லை. இதனால் பாதுகாப்பின் பெரும்பகுதி அறுக்கத் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலையாகிறது. சங்கிலியைத் தீட்டுவதும் இறுக்கம் பார்ப்பதும் அதில் அடங்கும்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்கக் கையால் இழுக்கும் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சார ரம்பத்தையும், எமில் லெர்ப் 1927இல் பெட்ரோல் ரம்பத்தையும் உருவாக்கினர். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம் அவற்றுக்கு இருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக் குடையும் வண்டுப் புழுவின் தாடைகளை 1946இல் கவனித்து, வளைந்த பல்லுடைய சங்கிலியை வடிவமைத்தார். இன்றைய சங்கிலிகள் அதன் வழிவந்தவை. தானாக இயங்கும் சங்கிலி பிரேக் 1970களில் அறிமுகமானது.

எகிறல்

சட்ட நுனியின் மேற்பாதி கிளையிலோ கட்டையிலோ பட்டால், மரத்தைக் கடிக்க முடியாத சங்கிலி சட்டத்தையே மேல்நோக்கித் தள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் கையாள்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். முன்கைப்பிடிக்கு மேலுள்ள தகடு அப்போது இடக்கை மணிக்கட்டில் பட்டோ, எகிறும் வேகத்தாலோ பிரேக்கை இயக்கி, சங்கிலியை நிறுத்துகிறது. இடக்கைப் பெருவிரல் கைப்பிடியை அடியில் சுற்றிப் பிடித்திருந்தால்தான் ரம்பம் பிடியில் நிற்கும். ஒரு கையால் அறுப்பது, தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது மூன்றும் கூடாதவை.

இயக்கும் முறை

தலைக்கவசம், முகவலை, காதடைப்பான், கையுறை, விரல்முனையில் இரும்புக் கவசமுள்ள காலணி ஆகியவை தேவை. ரம்பத்துக்கென்றே தைத்த காற்சட்டையின் உள்ளடுக்கில் நீண்ட இழைகள் இருக்கும். சங்கிலி பட்டதும் அவை உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்தும். வேட்டி, லுங்கி கட்டிக்கொண்டு அறுப்பது காலைப் பணயம் வைப்பதாகும்.

பிரேக்கைப் போட்டு, ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் அழுத்தியபடி கயிற்றை இழுத்து இயக்க வேண்டும். மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுக்கப்படுகிறது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும்போது தண்டின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விட்டுவைக்கப்படுகிறது. கதவின் கீல் போல நின்று மரத்தை நிதானமாகச் சாய்ப்பது இந்தப் பகுதியே. அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

புயலில் விழுந்த மரங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அவற்றை அகற்றச் சங்கிலி ரம்பங்களே பெரிதும் கைகொடுத்தன. நிற்கும் மரத்தைவிட விழுந்து கிடக்கும் மரம் ஆபத்தானது. வளைந்த தண்டின் ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். அமுங்கிய பக்கத்தில் முதலில் ஆழமாக அறுத்தால் சட்டம் சிக்கும். இழுபட்ட பக்கத்தில் ஒரேயடியாக அறுத்தால் தண்டு தெறிக்கும். அமுங்கிய பக்கத்தில் சிறிதளவு அறுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து சிறிது சிறிதாக முடிப்பதே முறை. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டி சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்பும் என்பதால் அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது. மின்கம்பி சிக்கியிருந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது உறுதியாகும்வரை மரத்தைத் தொடக் கூடாது. சாலையோர மரங்களில் விளம்பரத் தகடுகளுக்கு அடித்த ஆணிகள் பற்களை உடைக்கும்.

பராமரிப்பு

கூரான சங்கிலி மரத்தைச் சிறு சீவல்களாகக் கக்கும். மாவு போன்ற தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய ரம்பத்தைக் கையாள்பவர் அழுத்தி அறுப்பார். களைப்பும் விபத்தும் அங்கிருந்து தொடங்குகின்றன. சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரத்தால், பெரும்பாலும் 25 முதல் 30 பாகைக் கோணத்தில், பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக மட்டும் தீட்ட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு கொடுக்காவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக ஓடும்.

சங்கிலி சட்டத்தின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் கையுறையணிந்த கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். சூட்டில் நீண்ட சங்கிலியை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் ஆறும்போது சுருங்கிச் சட்டத்தையும் இன்ஜின் தண்டையும் அழுத்தும். சங்கிலி எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, சட்ட நுனியை ஒரு வெளிறிய அட்டைக்கு மேல், அதைத் தொடாமல் பிடித்து வேகம் கொடுத்தால் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழும்.

டூ-ஸ்ட்ரோக் ரம்பங்களில் 50:1 கலவை கேட்பவற்றுக்கு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-டி ஆயில் சேர்க்க வேண்டும். இன்ஜின் ஆறிய பின்னரே பெட்ரோல் ஊற்றி, அவ்விடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று இயக்க வேண்டும். பிரேக் பிடிக்காத ரம்பத்தை, அன்றைய வேலை மட்டும் முடியட்டும் என்றுகூட ஓட்டக் கூடாது. மற்ற பழுதுகள் வேலையைத் தாமதப்படுத்தும். இந்த ஒரு பழுது உயிரைப் பறிக்கும்.