தண்ணீருக்கடியில் ஒரு பள்ளிவாசல்

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் வருடங்களில் பழைய மஸ்கெலியா நகரம் தலைகாட்டும். கோயிலும் விகாரையும் தெரியும். அவற்றோடு நம் பள்ளிவாசலின் இடிபாடும் தெரியும். 1960களின் கடைசியில், நாட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்று அந்த ஊரே தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

மலையக மின்சாரத்தின் வரலாறு அதற்கும் முந்தியது. 1912இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். மலைநீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். லக்ஷபான நிலையம் இயங்கியதோ 1950இல்தான். பிறகு காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை அணைகள் வந்தன. கொழும்பு வெளிச்சமானது, அணைகளைச் சுற்றியிருந்த லயக் காம்பராக்களில் குப்பி லாம்புதான் எரிந்தது. 1948இல் குடியுரிமையும் மறுவருடம் வாக்குரிமையும் பறிபோன மக்களுக்காகக் கேட்க யார் இருந்தார்?

2025 நவம்பர் 28இல் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவின் கொடுமை மிகுதி. கரண்ட், போன், ரோடு மூன்றும் ஒன்றாகவே போயின.

சமவெளியில் சாய்ந்த மின்கம்பத்தைப் பெரும்பாலும் அதே இடத்தில் நட்டுவிடலாம். மலையில் கம்பம் நின்ற நிலமே கீழே போய்விடுகிறது. முதலில் பாதையைத் திறக்கணும், பிறகு கம்பி போகப் புது வழி பார்க்கணும். மீண்டும் மழை பிடித்தால் வேலையாட்களை அந்தச் சரிவில் இறக்க முடியாது. பெரிய மின்வழி, உபநிலையம், ஆஸ்பத்திரி, நகரம் என்று வெளிச்சம் படிப்படியாகத்தான் திரும்பும். கிளைக் கம்பியின் கடைசி முனையில் இருப்பது லயம். இந்த வரிசைக்குத் தொழில்நுட்ப நியாயம் உண்டு. ஆனால் கடைசி முனையில் யாரைக் குடிவைப்பது என்பதைத் தோட்ட வரலாறு எப்போதோ தீர்மானித்துவிட்டது.

கரண்ட் வந்துட்டால் எல்லாம் முடிந்ததா? லயம் நிற்பது தோட்டக் காணியில். தலைமுறைகளாக அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோரிடம் காணி உறுதி இல்லை. குடியுரிமைப் பிரச்சினையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. காணிப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. வீடு மண்ணுக்குள் போன ஒருவர், அது தன் வீடுதான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நிற்கிறார்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கக் கூடாது. ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளைக் கடைவீதிகளில் நம்மவர்களின் வியாபாரம் வளர்ந்தது தோட்டத்துச் சம்பளத்தை நம்பித்தான். கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தோம், சம்பள நாளில் வாங்கினோம். அந்த உறவுக்கு ஒரு ஹக் உண்டு. சோற்றுப் பொதியும் போர்வையும் முதல் வாரத்துக்குப் போதும். ஸதகா அதோடு நின்றுவிடக் கூடாது. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த வாலிபர்களும் காணிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணிகளும் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். அவர்களை லயத்து வாசலுக்கு அனுப்புவது பள்ளி நிர்வாகங்களால் முடியாத காரியமில்லை.

அடுத்த வறட்சியில் பழைய மஸ்கெலியா பள்ளிவாசல் தலைகாட்டினால் பார்க்கப் போவோம். போகிறவர்கள், கரையில் உள்ள லயத்துக்கும் ஒருதரம் போய் வரட்டும்.