சட்டக் கல்லூரி வாசலும் மாணவர் இதழும்

பிழைப்பு நிமித்தம் ஊர்விட்டு வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கல்வியே காணி, கல்வியே சீதனம். சொந்த ஊரில் இருப்பவர்க்கு நிலபுலன் துணை நிற்கும், உற்றார் உறவினர் துணை நிற்பர். நமக்கோ பிள்ளைகளின் படிப்பு ஒன்றே கைம்முதல். ஆகையால், கல்லூரி வாசல் யாருக்குத் திறக்கிறது, யாருக்கு அடைக்கப்படுகிறது என்னும் கேள்வி நம் காலனியில் என்றும் உயிருள்ள கேள்வியாகவே இருந்து வருகிறது. நம் பிள்ளைகளுள் சிலர் சட்டம் பயில விரும்பி நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இக்காலத்தில், அமெரிக்க நாட்டில் அவ்வாசலைத் திறக்கப் பாடுபட்டோரின் வரலாற்றையும், அதனோடு பின்னிக் கிடக்கும் மாணவர் சட்ட இதழ்களின் வரலாற்றையும் இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

அமெரிக்காவில் நெடுங்காலம் சட்டம் என்பது கல்லூரியில் கற்கும் கல்வியாக இருக்கவில்லை. இளைஞன் ஒருவன் வக்கீல் ஒருவரிடம் சேர்ந்து, பத்திரங்களைப் படியெடுத்து, ஓய்ந்த வேளையில் நூல்களைப் புரட்டித் தேறுவதே வழக்கமாக இருந்தது. ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரிப் படியை மிதித்தவர் அல்லர். இரவல் நூல்களைக் கொண்டு தாமே கற்று வழக்கறிஞர் ஆனவர். 1870-ஆம் ஆண்டில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை லாங்டெல் என்பார் ஏற்ற பின் நிலைமை மாறத் தொடங்கிற்று. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் முறையை விடுத்து, தீர்ப்புகளையே பாடமாக வைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு மாணவனைச் சிந்திக்கச் செய்யும் முறையை அவர் புகுத்தினார்.

இவ்வாறு தீர்ப்புகளை அலசிப் பழகிய மாணவர்கள், தம் கருத்துகளை அச்சில் காண விரும்பியது இயல்பே. ஆல்பனி நகரத்துச் சட்ட மாணவர்கள் 1875-இல் ஓர் இதழைத் தொடங்கினர், அது நிலைக்கவில்லை. 1887-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹார்வர்டு மாணவர்கள் தொடங்கிய இதழோ இன்றுவரை நின்று நிலவுகிறது. பழைய மாணவரும் அந்நாளில் இளம் வழக்கறிஞருமாக இருந்த லூயி பிராண்டைஸ், அதற்குப் பொருளுதவி திரட்டித் தந்தார். இவரே 1916-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர்.

இவ்விதழ்களின் தனிச்சிறப்பு என்னவெனில், பேராசிரியரும் நீதிபதியும் எழுதும் கட்டுரைகளை ஏற்பதும் தள்ளுவதும் திருத்துவதும் மாணவர்களே என்பதாம். மருத்துவத்திலும் விஞ்ஞானத்திலும் அறிஞர் எழுத்தை அறிஞரே மதிப்பிடுவர். அமெரிக்கச் சட்டத் துறையிலோ இளம் மாணவர் மதிப்பிடுகின்றனர். ஒவ்வோர் அடிக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குச் சென்று, மேற்கோள் காட்டிய தீர்ப்பில் அச்செய்தி உண்மையாகவே உள்ளதா, பக்க எண் சரியா என்று ஒத்துப் பார்ப்பது அவர்கள் கடமை. மேற்கோள் காட்டும் முறையை ஒழுங்கு செய்ய 1926-இல் அவர்கள் தொகுத்த சிறு கையேடே இன்று நீலப் புத்தகம் என்ற பெயரில் அந்நாட்டு வழக்கறிஞர் கையிலெல்லாம் விளங்குகிறது. ஆண்டுக்கு ஒரு மலர் கொண்டு வருவதற்கே அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக நாம் படும் பாடு நமக்குத் தெரியும். படிப்புக்கு நடுவே, ஆண்டில் பல இதழ்களைக் கொண்டு வரும் அம்மாணவர் உழைப்பை நம்மால் நன்கு உணர முடியும்.

அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1890 டிசம்பரில் வாரன் என்பவரும் பிராண்டைசும் சேர்ந்து, தனிமனிதனின் அந்தரங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டு எழுதிய கட்டுரை, ஹார்வர்டு மாணவர் நடத்திய அந்த இதழில்தான் வெளிவந்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கிலும் அக்கட்டுரை எடுத்தாளப்பட்டது. மாணவர் அச்சேற்றிய எழுத்து நூற்றிருபத்தாறு ஆண்டுகள் கடந்து டில்லி வரை வந்து பேசியது எனலாம்.

ஆனால், அந்த ஆசிரியர் குழுவின் மேசையைச் சுற்றி யார் அமர முடிந்தது? முதலாண்டுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்க்கே நெடுங்காலம் அவ்விடம் கிட்டியது. மதிப்பெண்ணுக்கு நிறம் இல்லை. கல்லூரி வாசலுக்கு இருந்தது. தென் மாநிலங்களின் அரசுச் சட்டக் கல்லூரிகள் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதில்லை. ஹார்வர்டு போன்ற வடக்கத்திக் கல்லூரிகளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பயின்றனர்.

அச்சிலருள் ஒருவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். வாஷிங்டன் நகரில் 1895-இல் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915-இல் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகச் சென்ற இடத்தில், தம் நாட்டுப் படையினுள்ளேயே கறுப்பினத்தார் இழிவுபடுத்தப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். உயிர் பிழைத்துத் திரும்பினால் சட்டம் கற்று, தம்மைத் தாமே காக்க இயலாதவர்க்காக வாதாடுவது என்று உறுதி பூண்டார். 1919-இல் ஹார்வர்டில் சேர்ந்தார். தம் மதிப்பெண் வலிமையால் அவ்விதழின் ஆசிரியர் குழுவில் இடம் பெற்றார். அக்குழுவில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே.

பெற்ற கல்வியை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1929-இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரியின் நிருவாகப் பொறுப்பை ஏற்று, மாலை வகுப்புகளை நம்பியிருந்த அதனை முழுநேரக் கல்லூரியாக்கி, பாடத்திட்டத்தைக் கடுமையாக்கினார். அவரிடம் பயின்று 1933-இல் முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல். தம் ஊராகிய பால்டிமோரிலேயே மேரிலாந்துப் பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரி இருந்தும், நிறத்தின் காரணமாக அது அவருக்கு எட்டாக் கனியாயிற்று. ஆகவே நாள்தோறும் ரயிலேறி வாஷிங்டன் சென்று படித்தார். அவர் கல்விச் செலவுக்காக அவருடைய அன்னையார் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார் என்பர். தாலிக்கொடியை மார்வாடிக் கடையில் வைத்து மகனைப் படிக்க வைத்த தாய்மாரை அறிந்த நமக்கு, இச்செய்திக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆசிரியரும் மாணவரும் கைகோத்து முதலில் தட்டிய கதவு அந்த மேரிலாந்துக் கல்லூரியின் கதவே. ஹூஸ்டனைப் போல் ஆம்ஹர்ஸ்டில் பயின்ற டானால்டு முர்ரே என்ற இளைஞருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. 1935-இல் இருவரும் வழக்காடி வென்றனர். 1936 ஜனவரியில் மேல்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அடுத்து மிசோரி மாநிலம். அங்கே லாயிடு கெய்ன்ஸ் என்பாருக்கு இடம் தர மறுத்த மாநில அரசு, வேற்று மாநிலத்தில் படிப்பதானால் கட்டணம் தருவதாகக் கூறியது. உன் வீட்டில் சோறு கேட்டவனை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது அறமாகுமா? ஆகாது என்று 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1939 மார்ச்சு மாதத்தில் சிகாகோ நகரில் தங்கியிருந்த கெய்ன்ஸ் காணாமற் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. வென்ற இடத்தில் அவர் அமரவே இல்லை.

மூன்றாம் வழக்கே நம் பொருளுக்கு மையமானது. டெக்ஸஸ் மாநிலத்தில் தபால்காரராகப் பணியாற்றிய ஹீமன் ஸ்வெட் 1946-இல் அம்மாநிலப் பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். அரசு அவரைச் சேர்க்காமல், கறுப்பினத்தவர்க்கெனத் தனியே ஒரு சட்டக் கல்லூரியை அவசரமாக ஏற்படுத்தியது. இரண்டும் சமமே என்று வாதாடியது. ஸ்வெட்டுக்காக மார்ஷல் வாதாடினார். உச்ச நீதிமன்றம் இரு கல்லூரிகளையும் தராசில் இட்டு நிறுத்தது. பழைய கல்லூரியில் 850 மாணவர், புதியதில் 23. பழையதன் நூலகத்தில் 65,000-க்கு மேற்பட்ட நூல்கள், புதியதில் 16,500. அவற்றோடு மற்றொன்றையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது: பழைய கல்லூரியில் மாணவர் நடத்தும் சட்ட இதழ் ஒன்று இருந்தது. சுவரும் மேசையும் நூலும் மட்டும் கல்லூரி ஆகா; சக மாணவரோடு வாதிட்டு எழுதிப் பழகும் வாய்ப்பும் கல்வியின் பகுதியே என்று 1950 ஜூன் 5-ஆம் நாள் தீர்ப்புரைத்து, ஸ்வெட்டைச் சேர்க்குமாறு ஆணையிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் அமர்ந்த ஹூஸ்டன், அதே வகை இதழ் ஒன்று சமத்துவத்தின் அளவுகோலாக நின்றதைக் காண இருக்கவில்லை. தீர்ப்புக்கு ஆறு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 22-இல், ஐம்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். ஸ்வெட்டும் உடல் நலிவாலும் மன அழுத்தத்தாலும் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு விலகினார். ஆயினும் அவர்கள் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடிற்று. 1954 மே 17-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரௌன் வழக்குத் தீர்ப்பு வந்தது. 1967-இல் மார்ஷல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

பெண்களின் கதையும் இத்தகையதே. ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1950-இல்தான் பெண்களைச் சேர்த்தது. 1956-இல் அங்கே சேர்ந்து இதழின் குழுவிலும் இடம் பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க், பின்னர்க் கொலம்பியாவுக்கு மாறி அங்கும் இதழ்ப் பணியாற்றினார். முதல் வரிசையில் தேறியும் அவரை அமர்த்திக்கொள்ள வக்கீல் நிறுவனங்கள் தயங்கின. 1993-இல் அவரும் உச்ச நீதிமன்றம் ஏறினார். ஹூஸ்டன் உறுப்பினராக இருந்த இதழுக்கு 1990-இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர், பிற்காலத்தில் நாட்டின் அதிபரான பராக் ஒபாமா.

நம் நாட்டிலும் 1988-இல் பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் ஐந்தாண்டுப் படிப்பின் முதல் அணி சேர்ந்தது. அதன் வழியில் எழுந்த பல்கலைக் கழகங்கள் பலவற்றில் மாணவரே சட்ட இதழ்களை நடத்துகின்றனர். 2008 முதல் அவற்றுட் பலவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அத்தேர்வுக்குப் படிக்கும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: இடம் கிடைத்ததோடு நில்லாமல், அங்குள்ள இதழின் மேசையிலும் இடம் தேடுங்கள், பிறர் எழுத்தின் அடிக்குறிப்பை ஒத்துப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அந்த வாய்ப்பு கல்வியின் பகுதி என்று நிலைநாட்ட ஒரு தபால்காரர் நான்கு ஆண்டுகள் நீதிமன்றம் நீதிமன்றமாகக் காத்து நின்றார் என்பதையும் நினைவில் வையுங்கள்.