மரவளையப் பனியாற்றியல்

மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு பனியாறுகளின் வரலாற்றையும் பண்டைத் தட்பவெப்பத்தையும் கணிக்கும் துறை மரவளையப் பனியாற்றியல். முன்னேறும் பனியாறு தன் பழைய தடயங்களைத் தானே அழித்துவிடும். ஆனால் அது சாய்த்த மரமும் புதைத்த மரமும் அந்த ஆண்டைத் தம் உடலில் பதிந்து வைத்திருக்கின்றன.

அடிப்படை

குளிர்நாட்டு மரங்கள் கோடையில்தான் பருக்கின்றன. மலையுச்சியை ஒட்டிய மரங்களில், கோடை குளிர்ந்த ஆண்டின் வளையம் பெரும்பாலும் மெலிந்திருக்கும். பனியாறு சாய்த்த ஊசியிலை மரம், நிமிர முயன்று தண்டின் கீழ்ப்புறத்தில் தடித்த வளையங்களை இடும். அவை தொடங்கும் இடம் பனியாறு வந்து மோதிய காலத்தைக் காட்டும். புதைந்த மரத்தின் வளைய வரிசையை உயிருள்ள மரங்களின் வரிசையோடு பொருத்தினால் அது மடிந்த ஆண்டு தெரியவரும். பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலில் முளைத்த மூத்த மரத்தின் வயதோடு, வெற்று நிலத்தில் விதை வேரூன்ற எடுத்த ஆண்டுகளைக் கூட்டினால் பனி விலகிய காலம் கிடைக்கும்.

வரலாறு

அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ், சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனா மரங்களை ஆராய்ந்தார். வளைய வரிசைகளைப் பொருத்திக் காலம் கணிக்கும் முறை அவரால் வேரூன்றியது. 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகத்தை நிறுவினார்.

தாவரவியலாளர் டொனால்ட் லாரன்ஸ், தென்கிழக்கு அலாஸ்காவின் பனியாறுகள் முன்னேறிய, பின்வாங்கிய காலங்களை மர வளையங்களால் கணித்து 1950இல் வெளியிட்டார். அதே பத்தாண்டில் கால்வின் ஹியூசர் கனடிய ராக்கி மலையில் ஆராய்ந்தார். அங்குள்ள அதபாஸ்கா பனியாறு 1714இல் முன்னேறியதற்குச் சாய்ந்த மரம் ஒன்று சான்றானது. அப்பனியாறு 1840களில் தன் அண்மைக்கால உச்சத்தை எட்டியது. பிரையன் லக்மன், ராப் வில்சன் இருவரும் அப்பகுதி மரங்களைக் கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கோடை வெப்பநிலையை 2005இல் வரிசைப்படுத்தினர்.

இன்றைய நிலை

அலாஸ்காவின் மெண்டன்ஹால் பனியாறு பின்வாங்கும் இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டின் அடிமரங்கள் வேரோடு நின்றபடி வெளிப்பட்டுள்ளன. பனியும் சரளையும் இதுவரை காத்த இம்மரங்கள் வெளிக்காற்றில் மட்கக்கூடியவை. பனி உருகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இவற்றைச் சேகரிப்பதே இத்துறையின் இன்றைய அவசரப் பணி.