புன்னைக்காயல் அச்சும் நம் பிள்ளைகளின் கைபேசியும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய தமிழ் நூல் இங்கேதான் அச்சானது என்று அச்சு வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சென்னை வேப்பேரிக்கு அச்சுப்பொறி வந்தது 1761இல். அதாவது தலைநகரத்துக்கு 175 ஆண்டுகள் முன்பாகவே, அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பம் நம் கடற்கரையில் இறங்கிவிட்டது.

அதைக் கொண்டுவந்தது முத்து. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினார்கள். அவர்களுக்கு மறையுரைக்க வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நம் ஊரில் சொல்வதானால் அண்ட்ரிக் அடிகளார், தமிழ் கற்று 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பதினாறே பக்கம். அச்சுக்கான பணத்தில் பரதவர்களின் பங்கும் இருந்தது. ஆனால் எதை அச்சிடுவது, எதை மக்கள் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது சபை. கடலில் மூழ்கி எழுந்தவர் சொல்ல விரும்பிய கதை எதுவும் அந்த அச்சில் ஏறவில்லை.

பரதவர் நிலையே இப்படி என்றால், அதே கரையின் சேரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மிஷன் பள்ளிகள் பிற்காலத்தில் சில கதவுகளைத் திறந்தன, உண்மைதான். ஆனால் பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு தனி ஆணை போட்டது 1893இல்தான். புன்னைக்காயல் அச்சுக்கும் அந்த ஆணைக்கும் நடுவே முந்நூறு ஆண்டுகள்.

நம் முன்னோர்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1869இலேயே ‘சூரியோதயம்’ இதழ் வந்துவிட்டது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன், இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். விலை காலணா. அவர் எழுத்துகளைப் பின்னர் நூல்களாக்கியது கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அச்சகமே தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

இனி 2020க்கு வருவோம். மார்ச்சில் பள்ளிகள் மூடின. உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர் ஒன்றில் நாங்கள் மாலை வகுப்பு நடத்திவந்தோம். வீட்டில் ஒரே கைபேசி. விடியுமுன் அளத்துக்குப் போகும் அப்பா அதை எடுத்துப் போய்விடுவார். கங்காணி கூப்பிட்டால் எடுக்காவிட்டால் மறுநாள் வேலை இருக்காது. வாட்ஸ்அப்பில் பாடம் வருவது காலை பத்து மணிக்கு. பிள்ளை அதைப் பார்ப்பது இரவு ஏழு மணிக்கு, அதுவும் அன்றைய டேட்டா மிச்சமிருந்தால். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்ப அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததை நாங்களே பார்த்தோம். ‘கைபேசி இருக்கும் குடும்பம்’ என்று கணக்கெடுப்பில் எழுதினால் இந்த வீட்டுக்கும் டிக் விழும்.

இது ஓர் ஊரின் கதை இல்லை. ஜான் திரேஸ் முதலானோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழை எளிய குடும்பங்களிடையே ஆய்வு நடத்தி 2021 செப்டம்பரில் வெளியிட்டார்கள். கிராமப்புறத்தில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்த பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் 4 சதவீதம். அதே கிராமங்களின் மற்றப் பிள்ளைகள் 15 சதவீதம். எல்லோரும் ஏழைகள்தான், ஏழைகளுக்குள்ளேயே இந்த இடைவெளி. வறுமை மட்டுமே காரணம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் பதில் சொல்லட்டும்.

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம் தெருக்களுக்கு வந்த மடிக்கணினிகள் பல குடும்பங்களின் முதல் கணினி. அதில் தட்டச்சு பழகி வேலைக்குப் போனவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். அது பிள்ளையின் பெயரில் வந்தது, பிள்ளையின் கையில் இருந்தது. கொரோனாக் காலத்தில் அந்த விநியோகம் நின்றுபோனது, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில்.

இப்போது பேச்சு மாறிவிட்டது. பிள்ளைகள் கைபேசியில் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்கள். 2024 ஏசர் ஆய்வின்படி, கிராமப்புறத்தில் 14–16 வயதினரில் 82 சதவீதத்தினருக்குக் கைபேசியை இயக்கத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 சதவீதம். சாதிப் பெருமை ரீல்ஸ் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது தென்மாவட்டத்துக்காரர்களான நமக்குத் தெரியும். நாங்குநேரித் தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்குள் சாதியை ஒழிக்கப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் தந்தது. அவற்றை நிறைவேற்றச் சொல்லிப் போராடுவோம். ஆனால் கைபேசியைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகும் என்பதை நாம் ஏற்க முடியாது. மற்ற வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் மேசையும் கணினியும் காத்திருக்கும். நம் பிள்ளைக்கு அந்தக் கைபேசிதான் நூலகம். விடுதி மாணவியிடம் கைபேசியைத் தடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருப்பதை விடுதித் தோழர்கள் நினைவில் வையுங்கள்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அது குறித்து நமக்குள் இரண்டு கருத்து உண்டு. அதைத் தனியே பேசலாம். எந்தத் துறையில் இருந்தாலும் இந்தக் கேள்விகள் மாறாது: எத்தனை பள்ளிகளில் கணினி அறை, எத்தனையில் இணையம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைகள் கை வைக்கிறார்கள், பூட்டின் சாவி யாரிடம்? நம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனு போட்டிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறோம். உங்கள் மாவட்டத்திலும் போடுங்கள்; மனுவின் நகல் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.