ஆப் இன்வென்டர்: பள்ளி மாணவர்களுக்குச் செயலி உருவாக்கம் கற்பித்தல்

ஆப் இன்வென்டர் என்பது நிரல் எழுதிப் பழகாதவர்களும் கைபேசிச் செயலி செய்வதற்கான இலவச இணையக் கருவி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்ஐடி) இதைப் பராமரிக்கிறது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் செயலி உருவாக்கம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ண பிளாக்குகளாகத் திரையில் கிடக்கும் கட்டளைகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும்.

இதன் வேர் எம்ஐடியின் பழைய கல்விச் சிந்தனையில் இருக்கிறது. சேமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் லோகோ என்ற நிரல்மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒன்றைத் தன் கையால் செய்யும்போதுதான் பிள்ளை ஆழமாகக் கற்கிறது என்பது பேப்பர்ட்டின் கொள்கை. ஆப்பிள் II கணினிக்கான லோகோவில் பங்காற்றிய ஹால் ஏபல்சன் அதே கொள்கையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தார். எம்ஐடி பேராசிரியரான அவர் விடுப்பில் கூகுளில் இருந்த காலத்தில், மார்க் ஃபிரீட்மன் முதலிய பொறியாளர்களுடன் சேர்ந்து ஆப் இன்வென்டரைத் தொடங்கினார்.

கூகுள் இதை 2010 ஜூலையில் அறிவித்து, டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2011 இறுதியில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்ததால், 2012இல் எம்ஐடி இதை ஏற்று நடத்த முடிந்தது. பெருநிறுவனத்தின் கருவியை நம்பிப் பாடத்திட்டம் வகுக்கும் பள்ளிகள் இந்தக் கைமாற்றத்தைக் கவனத்தில் வைக்க வேண்டும். மூலநிரல் மூடிக் கிடந்திருந்தால் அந்தப் பாடங்கள் அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். முழுக்க உலாவியிலேயே இயங்கும் இரண்டாம் பதிப்பு 2013 டிசம்பரில் வந்தது. ஐபோனுக்கான ஆதரவு 2021இல்தான் கிடைத்தது.

வகுப்பறையில்

கருவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. வடிவமைப்புப் பக்கத்தில் பொத்தான், படம், எழுத்துப் பட்டை, ஒலி ஆகியவற்றைத் திரையில் வைக்கலாம். பிளாக் பக்கத்தில் அவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லலாம். புதிதாக வருபவர்களுக்கான எம்ஐடியின் அறிமுகப் பாடத்தில் ஒரு பூனைப் படம் வருகிறது. படத்தைத் தொட்டால் பூனை கத்தும், கைபேசி அரை நொடி அதிரும். 'பொத்தானைத் தொட்டால்' என்ற கடுகு நிற பிளாக்கின் வாய்க்குள் 'ஒலியை இயக்கு' என்ற ஊதா பிளாக்கைச் செருக வேண்டும். முதல் செயலி இவ்வளவுதான்.

எளிமையாகத் தெரிந்தாலும் இதில் ஒரு பெரிய கருத்து அடங்கியிருக்கிறது. வழக்கமான பள்ளி நிரலாக்கத்தில் நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். கைபேசிச் செயலியோ யாராவது தொடும்வரை, ஆட்டும்வரை, குறுஞ்செய்தி வரும்வரை காத்திருக்கும். நிகழ்வுக்குப் பதில் சொல்லும் இந்த அமைப்பைக் கல்லூரிப் பாடங்களில் தாமதமாகத் தொடுவதே வழக்கம். இங்கே பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே அதைக் கையாள்கிறார்கள்.

கணினியில் செய்யும் மாற்றம் உடனுக்குடன் கைபேசியில் தெரிவதுதான் இந்தக் கருவியின் உயிர். கைபேசியில் கம்பேனியன் என்ற துணைச் செயலியை நிறுவி, கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால் இணைப்பு கிடைக்கும். பொதுவாக இரண்டும் ஒரே வைஃபை வலையில் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் வகுப்பு தடுமாறும் இடம் இதுதான். பள்ளி வலையின் பாதுகாப்பு அமைப்புகள் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுத்துவிடலாம். முதல் பாடத்துக்கு முந்தைய நாளே ஆசிரியர் இதைச் சோதித்துப் பார்த்து, யூஎஸ்பி கம்பியையோ கணினியில் ஓடும் போலிக் கைபேசியையோ மாற்று ஏற்பாடாக வைத்திருப்பது நல்லது.

மாணவர்கள் திரும்பத் திரும்பச் சிக்கும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டுச் செயலியில் மதிப்பெண்ணுக்கு ஒரு மாறி வைத்து, தொடும்போதெல்லாம் ஒன்று கூட்டுவார்கள். திரையில் எண் சுழியத்திலேயே நிற்கும். மாறியின் மதிப்பு உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதை எழுத்துப் பட்டையில் காட்டச் சொல்லும் பிளாக்கைப் போடவில்லை. கருவியில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆசிரியர் இங்கே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது. நினைவில் இருக்கும் மதிப்பு வேறு, கண்ணுக்குத் தெரியும் மதிப்பு வேறு என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கும் தருணம் இது. அதற்குச் செலவாகும் கால் மணி நேரம் நன்றாகவே செலவாகிறது.

பிளாக்குகள் எழுத்துப் பிழையைத்தான் ஒழிக்கின்றன, சிந்தனைப் பிழையை அல்ல. இது விளையாட்டு, நிஜ நிரலாக்கம் அல்ல என்ற குறையை எழுப்புவோர் இதைப் பார்ப்பதில்லை. மாணவர் கோத்த பிளாக்குகளைக் கருவி உள்ளுக்குள் ஸ்கீம் மொழி வடிவிலான நிரலாக மாற்றியே கைபேசிக்கு அனுப்புகிறது.

வகுப்புக்கு வெளியே

சான்ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் டேவிட் வோல்பர் இந்தக் கருவியின் சோதனைக் காலத்திலேயே, கணினித் துறை சாராத மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்தினார். நிரலாக்கமே அறியாத ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவர், வண்டி ஓட்டும்போது வரும் குறுஞ்செய்திக்குத் தானாகப் பதில் அனுப்பும் செயலியை அதில் செய்தார். பள்ளி அளவில் இதைவிட ஆழமாகத் தைப்பது மும்பை தாராவியின் எடுத்துக்காட்டு. திரைப்படக்காரர் நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய கல்வித் திட்டத்தில் சேர்ந்த சிறுமிகள், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசை பதிவு செய்து, முறை வந்ததும் தெரிவிக்கும் செயலியைச் செய்தார்கள். ஆபத்தில் பெண்கள் உதவி கேட்பதற்கான இன்னொரு செயலியில் அபாய ஒலி, இருப்பிடம் அனுப்புதல், அவசர அழைப்பு எல்லாம் இருந்தன. தண்ணீர் வரிசையில் நின்றவர்களே அந்தச் செயலியை வடிவமைத்தார்கள் என்பதில்தான் இந்தக் கல்வியின் நியாயம் தெரிகிறது. ஏபல்சனும் உடனுழைப்பாளர்களும் 2019இல் எழுதிய கட்டுரையில் இதைக் 'கணினிவழிச் செயல்' என்ற கருத்தாக முன்வைத்தனர். கணினிவழிச் சிந்தனையைக் கற்பது மட்டும் போதாது, தம் வாழ்க்கையில் உடனே பயன்படும் ஒன்றைச் செய்யும் வாய்ப்பும் கற்பவருக்கு வேண்டும் என்பது அதன் சாரம்.

அமெரிக்கப் பள்ளிகளில் 2016–17 கல்வியாண்டில் 'கணினி அறிவியல் கோட்பாடுகள்' என்ற உயர்நிலைப் பாடம் அறிமுகமானது. கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிட்டி கல்லூரியில் ரால்ஃப் மொரெல்லி முன்னின்று உருவாக்கிய மொபைல் சிஎஸ்பி என்ற பாடத்திட்டம், அந்தப் பாடத்தை ஆப் இன்வென்டர் வழியாகவே நடத்துகிறது. இரண்டு மாணவர் ஒரு கணினியில் அமர்ந்து, ஒருவர் பிளாக் கோக்க மற்றவர் வழி சொல்லி, பிறகு இடம் மாறிக்கொள்வது அதன் முறைகளில் ஒன்று.

செயலியை வெளியிடும் கட்டம் வேறு வகைப் பாடம். குறுஞ்செய்தி அனுமதி கேட்கும் செயலிகளுக்குக் கூகுள் பிளே 2018இல் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. குறுஞ்செய்தி பிளாக்கை வைத்துப் பிள்ளைகள் செய்த செயலிகளைக் கடையில் ஏற்றுவது அதனால் கடினமாகிவிட்டது. நிறுவற்கோப்பாக நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பிறர் கைபேசியின் செய்தி, இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றைத் தொடும் செயலிக்கு ஏன் அனுமதி தேவை என்பதை வகுப்பில் பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பிளாக்குகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது திரை நெரிசலாகி, எதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். திரும்ப வரும் பகுதிகளைத் தனிச் செயல்முறையாகப் பிரித்துப் பெயரிடும் பழக்கத்தை அங்கே பிடித்துக்கொள்ளும் மாணவர், பிறகு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் கோட்லின் மொழிக்கோ ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்கோ போகிறார். அடைப்புக்குறி பற்றிய தொல்லைகள் அப்போது புதிதாகச் சேரும். நிகழ்வு, மாறி, பட்டியல், செயல்முறை ஆகியவற்றை அவர் ஏற்கெனவே அறிவார்.