கருங்கண்ணியும் கம்போடியாவும்

விதர்பாவில் வேலைக்கு வந்த பிறகு பயிர்க்கடன் மனுக்களில் நான் அதிகம் படித்த வார்த்தை பருத்தி. செம்பருத்தி, வெண்டை, துத்தி எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான். அதற்குள்ளேயே இரண்டு பங்காளிகள்.

ஒன்று நாட்டுப் பருத்தி, ஆர்போரியம். நம் கரிசல்காட்டுக் கருங்கண்ணி இந்த வகை. மஞ்சள் பூ, அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. சின்னக் காய், இழை குட்டை. ஆனால் வேர் ஆழமாகப் போகும், மழை ஏமாற்றினாலும் தாங்கும். இன்னொன்று மெக்சிகோ பக்கத்து ஹிர்சூட்டம். வெளிர்நிறப் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகும். பெரிய காய், நீள இழை. முன்னதற்குக் குரோமோசோம் 26, இதற்கு 52.

நாட்டுப் பருத்தியில் நயமான நூல் வராது என்பார்கள். அட, டாக்கா மஸ்லினே ஆர்போரியம்தானே! கை நூற்ற வரைக்கும் குட்டை இழை குறையாகத் தெரியவில்லை. லங்காஷயர் மில் இயந்திரத்துக்குத்தான் அது ஒத்துவரவில்லை. 1840-ல் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களையே கூட்டி வந்து ஹிர்சூட்டம் பயிரிடச் சொன்னது. தார்வார் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் தோல்வி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த கம்போடியா ரகம் கோவைக் கிணற்றுப் பாசனத்தில் ஜோராக ஊன்றிக்கொண்டது. அதுவும் ஹிர்சூட்டம்தான், பேர் மட்டும் கம்போடியா!

அப்படியும் 1947-ல் இந்தியப் பருத்திப் பரப்பில் சுமார் 97 சதவீதம் நாட்டு ரகங்களே. பிரிவினையில் நீள இழைப் பருத்தி விளைந்த நிலம் பெருமளவு பாகிஸ்தானுக்குப் போக, மில்கள் இங்கே நின்றன. அப்புறம்தான் அரசே ஹிர்சூட்டத்தைத் தீவிரமாகப் பரப்பியது. 1970-ல் சூரத்தில் சி.டி.படேல் எச்-4 என்ற வீரிய ஒட்டு ரகத்தை வெளியிட்டார். 2002-ல் பி.டி. பருத்தி அனுமதி பெற்றது, அதுவும் ஒட்டு ரகமாகவே வந்தது.

என் மேஜைக்கு வரும் விஷயம் இதுதான். ஒட்டு விதையை எடுத்துவைத்து மறுவருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது. வருஷாவருஷம் வாங்க வேண்டும். கூடவே உரம், மருந்து. மழை பொய்த்தால் அத்தனையும் கடன். "அப்பா காலத்தில் விதைக்குக் காசு கொடுத்ததே இல்லை சாஹேப்" என்று இங்கே வயதான விவசாயிகள் சொல்கிறார்கள்.

நாட்டுப் பருத்தியை இலைச்சுருள் வைரஸ் அண்டுவதில்லை. ஆனால் விளைச்சலும் விலையும் ஹிர்சூட்டம் பக்கம் இருக்கையில் யார் விதைப்பார்கள்? இன்று அதன் குட்டை இழையைக் கேட்டு வாங்குவது முக்கியமாக ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்கிறவர்கள்தான்.